லோடையின் கிழட்டு ஜின்ஃபண்டெல்: கவாத்திலிருந்து பீப்பாய் வரை ஒரு வேலைப் பதிவு

கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோவுக்கும் ஸ்டாக்டனுக்கும் நடுவே இருக்கிறது லோடை. மோக்கலம்னி ஆறு கொண்டுவந்து போட்ட ஆழமான மணல்சாரி மண். அதில் நூறு வயதைத் தொட்ட ஜின்ஃபண்டெல் என்ற ஒயின் திராட்சைக் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. பெரும்பாலும் குடும்பங்கள் கையில் இருக்கும் சின்னச் சின்னத் துண்டு நிலங்கள். கம்பத்துப் பன்னீர்த் திராட்சைப் பந்தலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது திராட்சைத் தோட்டமாகவே படாது. கம்பியும் இல்லை, பந்தலும் இல்லை. மொட்டை வெட்டிய பூவரசங்கட்டைகளை வரிசையாக நட்டது போல, இடுப்பளவு உயரத்தில் முறுக்கேறிய அடிமரங்கள் தனித்தனியாக நிற்கும்.

8 அடிக்கு 8 அடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு 680 செடி. குதிரை பூட்டிய ஏர் குறுக்கும் நெடுக்கும் போவதற்காக வைத்த இடைவெளி அது. இன்று எண்ணினால் 680 தேறாது. இருப்பவற்றிலும் ஒன்று தொடை கனத்தில் இருக்கும், பக்கத்துச் செடி பாதி பட்டுப்போயிருக்கும், அடுத்தது வேறு ரகமாகவே இருக்கும். போதாக்குறைக்கு ஜின்ஃபண்டெல் ஒரே குலையில் பச்சைக் காயும், பழுத்த பழமும், காய்ந்து சுருங்கிய பழமும் சேர்த்துத் தரும். கவாத்துக் கத்தரியை எடுப்பதிலிருந்து பீப்பாயை மூடுவது வரை இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிப்பதுதான் வேலை. ஏக்கருக்கு 3 டன் வந்தால் நல்ல ஆண்டு.

முதலில் ஒட்டா, சொந்த வேரா?

வேரை அரித்துக் கொல்லும் ஃபைலாக்ஸெரா பூச்சிக்கு மணல் ஒத்துவராது. அதனால்தான் லோடையில் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரில் நிற்கும் பழங்கொடிகள் பிழைத்திருக்கின்றன. ஆனால் எல்லாத் துண்டும் அப்படி இல்லை. பழைய ஆட்கள் செயின்ட் ஜார்ஜ் வேர்ச்செடியில் (ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் வேறு திராட்சை) ஒட்டியும் நட்டிருக்கிறார்கள். எது எது என்று தெரியாமல் ரம்பத்தை எடுக்கக் கூடாது. அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் மண்ணை ஒதுக்கினால் ஒட்டுப் புடைப்பு தெரியலாம். மண் ஏறிப் புதைந்திருந்தால் அடியிலிருந்து வரும் போத்தின் இலையைப் பார்க்க வேண்டும். ஜின்ஃபண்டெல் இலையில் ஆழமான வெட்டுகள் இருக்கும், அடிப்பக்கம் வெளிர் ரோமம் இருக்கும். செயின்ட் ஜார்ஜ் இலை சின்னது, வழவழப்பானது, சிறுநீரக வடிவம், காம்பு சேரும் இடம் அகலமாக விரிந்திருக்கும். இந்த ஒரு அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும், வேர்ச்செடியின் போத்தை மூன்று வருடம் ஆசையாக வளர்த்துக் கடைசியில் பழமே இல்லாமல் நிற்கும் கூத்தைத் தவிர்க்கலாம்.

கவாத்து

பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரம். டிசம்பரிலேயே முடித்துவிடலாம் என்று கை பரபரக்கும், வேண்டாம். யூடைபா, போட்ரியோஸ்ஃபேரியா போன்ற மரப் பூஞ்சைகளின் வித்துகள் மழையோடுதான் கிளம்பி, புது வெட்டுக்காயத்தில் இறங்குகின்றன. லோடையின் மழை முழுக்கக் குளிர்காலத்தில்தான். துளிர்க்கப் போகும் நேரத்தில் வெட்டினால் காயம் சீக்கிரம் ஆறும், மழையும் குறைந்திருக்கும். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் முக்குகிறவர்கள் உண்டு. இந்த நோய்கள் முக்கியமாகக் காற்றிலும் மழைத்துளியிலும் பரவுகிறவை. கத்தரியைவிட வானிலை முன்னறிவிப்பில்தான் கவனம் வேண்டும். அடுத்த நான்கைந்து நாள் மழை இல்லை என்றால் மட்டும் இறங்கலாம்.

எத்தனை கணு விடுவது என்பதைச் செடியே சொல்லும். போன வருடக் கிளைகளில் பென்சில் கனத்துக்குக் குறையாதவை எத்தனை என்று பார்த்து, அதையொட்டி முடிவு செய்யலாம். நல்ல செடிக்கு 7, 8 குச்சம், அதாவது குட்டையாக வெட்டி விட்ட போன வருடக் கிளை. ஒவ்வொரு குச்சத்திலும் 2 மொட்டு. நலிந்த செடிக்கு 4 குச்சம் போதும். எல்லாச் செடிக்கும் ஒரே எண் என்று கூலியாளிடம் சொன்னால் வலுத்த செடி காடாக மண்டும், நலிந்தது அந்த வருடத்தோடு படுத்துவிடும். குச்சங்கள் வெளிப்பக்கம் சாய்ந்து, நடுவில் காற்றோட்டத்துக்கு இடம் விட்டு, கிண்ண வடிவில் நிற்க வேண்டும். எப்போதும் கீழ்க் கணுவிலிருந்து வந்த கிளையையே அடுத்த குச்சமாக வைக்க வேண்டும். மேலே இருப்பதை வைத்துக்கொண்டே போனால் செடியின் கை (குச்சத்தைத் தாங்கும் பழைய கிளை) வருடத்துக்கு வருடம் நீண்டு, பத்து வருடத்தில் டிராக்டர் அடித்து முறிக்கும்.

பழைய மரத்தில் பெரிய வெட்டுப் போடும்போது தோலோடு ஒட்டி வழித்து வெட்டக் கூடாது. வெட்டிய இடத்திலிருந்து மரம் உள்நோக்கிக் கூம்பாகக் காயும். 2 செ.மீ. கட்டை விட்டு வெட்டினால் அந்தக் காய்தல் கட்டைக்குள்ளேயே நின்றுவிடும். வழித்து வெட்டினால் சாறு ஓடும் பாதையை அடைக்கும். 2 செ.மீ. அகலத்துக்கு மேற்பட்ட காயங்களுக்கு மட்டும் அன்றைக்கே பூச்சு. திராட்சைக்கு அனுமதி உள்ள தயோஃபனேட் மெத்தில் மருந்து அல்லது டிரைக்கோடெர்மா கலவை போதும். போரிக் அமிலம் கலந்த பூச்சும் வேலை செய்யும், ஆனால் மொட்டில் பட்டால் மொட்டு கருகும்.

பட்ட மரத்தை வெட்டுவது

யூடைபாவைக் குளிர்காலத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஏப்ரல் கடைசியில் துளிர் ஒரு சாண் வளர்ந்திருக்கும்போது வரிசைக்குள் நடந்தால் பளிச்சென்று தெரியும்: மற்ற கைகள் பச்சையாக இருக்க, ஒரு கையில் மட்டும் துளிர்கள் குட்டையாக, இலை சிறுத்து, மஞ்சளித்து, கிண்ணம்போல் குவிந்திருக்கும். அன்றே அந்தக் கையில் பெயின்ட் அடையாளம் போட வேண்டும். ஜூனில் ஆரோக்கியமான கைகளின் இலை வந்து மூடிவிடும், பிறகு தேடினாலும் கிடைக்காது.

அடுத்த கவாத்தில் மடக்கு ரம்பத்தால் அடையாளமிட்ட கையைத் துண்டுதுண்டாக, நுனியிலிருந்து அடிநோக்கி வெட்டிக்கொண்டே வர வேண்டும். வெட்டு முகத்தில் பழுப்பு நிற ஆப்பு வடிவம் தெரியும். கீழே வரவர அது ஒடுங்கி மறையும். மறைந்த இடத்தோடு நிறுத்தக் கூடாது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் கறையைத் தாண்டி முன்னால் போயிருக்கும். சுத்தமான மரம் தெரிந்த பிறகும் குறைந்தது 10 செ.மீ., இடமிருந்தால் 20 செ.மீ. இறங்கி வெட்ட வேண்டும். முதல் வருடம் தயங்கிப் பாதியில் நிறுத்தியவர்கள் மூன்றாம் வருடம் அதே செடிக்குத் திரும்பி வருவதைப் பார்க்கலாம்.

கறை அடிமரம் வரை இறங்கியிருந்தால் தலையைக் காப்பாற்ற முடியாது. அப்போது அடிப் போத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குச்சி நட்டுக் கட்டி, ஒரு வருடம் பழைய தலையோடு சேர்த்தே வளர விட வேண்டும். அது பென்சில் கனம் தாண்டியதும் பழைய மரத்தைப் போத்துக்கு ஒரு சாண் மேலே அறுத்துவிடலாம். முதலில் அறுத்துவிட்டுப் போத்து வருமா என்று காத்திருக்கிறவர்களும் உண்டு. நூறு வயது வேருக்கு ஒரு கோடை முழுக்க இலையே இல்லாமல் போகும் ஆபத்து அதில் இருக்கிறது. போத்திலிருந்து புதுத் தலை அமைந்தால் இரண்டாம், மூன்றாம் வருடமே பழம். கீழே இருக்கும் வேர் பழையதுதான். வெட்டிய மரத்தை வரப்பில் அடுக்கி வைக்காமல் எரிக்கவோ அப்புறப்படுத்தவோ வேண்டும். காய்ந்த மரத்தில்தான் வித்துகள் உருவாகின்றன.

வெற்றிடத்துக்குப் பதியன்

செத்த செடியின் இடத்தில் நாற்றங்கால் கன்று வைத்தால் பெரும்பாலும் தோல்விதான். சுற்றி நிற்கும் நான்கு கிழவர்களின் வேர்கள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு கோடைக்கு வாரம் தவறாமல் கையால் தண்ணீர் ஊற்ற முடிந்தவர்கள் வைக்கலாம். சொந்த வேர்த் தோட்டமாக இருந்தால் பதியன்தான் நல்ல வழி. தாய்ச்செடி ஊட்டும்.

இதற்கு ஆயத்தம் ஒரு வருடம் முன்பே. வெற்றிடத்துக்குப் பக்கத்துச் செடியில் தாழ்வான இடத்திலிருந்து கிளம்பும் ஒரு கிளையை வெட்டாமல் நீள விட வேண்டும். 8 அடி இடைவெளியைத் தாண்டி, மண்ணுக்குள் இறங்கி, மீண்டும் மேலே வர 10 அடியாவது வேண்டும். அடுத்த பிப்ரவரியில் தாய்ச்செடிப் பக்கத்திலிருந்து புது இடம் வரை 30 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் வெட்டிக் கிளையைப் படுக்க வைக்க வேண்டும். ஆழம் குறைந்தால் களை எடுக்கும் கருவி இழுத்துவிடும். தாய்க்கும் மண்ணுக்கும் நடுவே காற்றில் தெரியும் பகுதியின் மொட்டுகளை விரலால் உதிர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே துளிர்த்து நுனியைப் பட்டினி போடும். புது இடத்தில் குச்சி நட்டு, கிளை நுனியை மெதுவாக வளைத்து நிமிர்த்திக் கட்டி, மண்ணுக்கு மேல் 2 மொட்டு மட்டும் விட்டு வெட்ட வேண்டும். குளிர்ந்த காலையில் வளைத்தால் கிளை டக்கென்று முறியும். வெயில் ஏறி, சாறு ஓடத் தொடங்கிய பிறகு வளைத்தால் முறியாது. மண்ணைப் பாதி தள்ளி, காலால் மிதித்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மீதியை மூட வேண்டும்.

தாய்ச்செடியிலிருந்து கிளம்பும் இடத்தில் மெல்லிய கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி விட்டால், கிளை பருக்கப் பருக்கக் கம்பி இறுக்கி, குட்டி தன் வேரைத் தேடத் தொடங்கும். மூன்றாம் குளிர்காலத்துக்கு முன் தொப்புள்கொடியை வெட்ட வேண்டாம்.

இரண்டு இடத்தில் பதியன் கூடாது. ஒன்று, ஃபைலாக்ஸெரா இருக்கும் கனத்த மண். பதியனுக்கு வேர்ச்செடியின் பாதுகாப்பு கிடையாது. இரண்டு, இலைச்சுருள் வைரஸ் பிடித்த தாய்ச்செடி. அக்டோபரில் இலை சிவந்து, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அந்தச் செடியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. பதியனோடு வைரஸும் வரும். மாவுப்பூச்சி அதைப் பக்கத்துச் செடிகளுக்குக் கொண்டுபோகும்.

சிவந்த இலையெல்லாம் நோயும் அல்ல. இந்தத் தோட்டங்களில் அலிகான்டே பூஷே, கரின்யான், பெட்டிட் சிரா எல்லாம் கலந்து நிற்கும். மதுவிலக்குக் காலத்தில், அதாவது 1920 முதல் 1933 வரை, வீட்டில் ஒயின் போட்டுக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது. லோடைப் பழம் ரயிலேறிக் கிழக்கே போனது. தோல் தடித்து, பயணத்தைத் தாங்கி, சதையே சிவப்பாக இருக்கும் அலிகான்டேவுக்கு அப்போது நல்ல கிராக்கி. அதன் இலை இலையுதிர் காலத்தில் இயல்பாகவே சிவக்கும். பழத்தை நசுக்கிப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஜின்ஃபண்டெல் சாறு நிறமற்று வரும், அலிகான்டே விரலைச் சாயமாக்கும். இந்தச் செடிகளைப் பிடுங்கிவிட்டு ஒரே ரகமாக்க வேண்டும் என்ற யோசனை எனக்கு உடன்பாடில்லை. கரின்யான் தாமதமாகப் பழுக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக அறுக்கும்போது ஜின்ஃபண்டெலுக்கு இல்லாத புளிப்பை அதுதான் தருகிறது.

கோடை

துளிர் ஒரு சாண் வந்ததும் குச்சத்துக்கு இரண்டு விட்டு மற்றதைக் கையால் உதிர்த்துவிட வேண்டும். சாம்பல் நோய்க்குக் கந்தகம், பத்து நாளுக்கு ஒருமுறை; 35 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் காய் கருகும். அறுவடைக்குக் குறைந்தது ஐந்து வாரம் முன்பு நிறுத்தாவிட்டால் தொட்டியில் அழுகிய முட்டை வாடை வரும். காய் பிடித்ததும் காலை வெயில் படும் பக்கம் மட்டும் குலைகளைச் சுற்றி இலை பறிக்கலாம். மேற்குப் பக்கம் கை வைக்கக் கூடாது.

நிறம் மாறும் பருவத்தில் செய்யும் ஒரு வேலைதான் ஒயினை மாற்றுகிறது. ஜின்ஃபண்டெல் குலைக்குத் தோளில் ஒரு சிறகு இருக்கும். அது எப்போதும் பின்தங்கும். தோட்டம் முக்கால் பங்குக்கு மேல் கறுத்த பிறகு நடந்து, இன்னும் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் சிறகுகளையும் குலைகளையும் வெட்டிக் கீழே போட வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் எல்லாம் கறுத்துவிடும். எது பின்தங்கியது என்று கண்ணால் சொல்ல முடியாது. தரையில் கிடக்கும் பழத்தைப் பார்த்து வயிறு எரியத்தான் செய்யும்.

பொய் சொல்லும் சர்க்கரை

அறுவடை நாளை முடிவு செய்ய நூறு பழத்தைப் பொறுக்கி நசுக்கிப் பார்ப்பது மற்ற ரகங்களுக்குச் சரி. ஜின்ஃபண்டெலில் கை தன்னையறியாமல் உருண்ட பழத்தையே பொறுக்கும். சுருங்கிய பழம் கணக்கில் வராது. பல செடிகளிலிருந்து, வெயில் பக்கம் நிழல் பக்கம் இரண்டிலும், 20 முழுக் குலைகளை வெட்டி வாளியில் போட்டு நன்றாக மிதித்து, மூடி வைத்து, மறுநாள் அளக்க வேண்டும். வயலில் 24 பிரிக்ஸ் (சாற்றின் எடையில் 24% சர்க்கரை) காட்டிய பழம் வாளியில் ஊறிய பிறகு 26 காட்டும். அந்த 26ஐ வைத்துத்தான் முடிவு.

இனி வரும் கணக்கெல்லாம் ஒரு அமெரிக்க டன்னுக்கு, அதாவது 907 கிலோ பழத்துக்கு. அரை டன் பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டி இரண்டு வேண்டும். பிழிந்தால் சுமார் 600 லிட்டர் கிடைக்கும்.

விடியற்காலையில் அறுத்து, மேசையில் கொட்டிப் பிரிக்கும்போது காய்ந்த பழத்தை எறிய வேண்டியதில்லை. காடி வாடை அடிக்கும் அழுகல் குலைகளை மட்டும் இரக்கமில்லாமல் எறிய வேண்டும். காம்பு நீக்கி நசுக்கும்போதே 63 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கரைத்து ஊற்றினால் 40 பிபிஎம் சல்ஃபர் டையாக்சைடு. சுருங்கிய பழங்கள் உருளைக்குள் நசுங்காமல் முழுதாகவே நழுவிப் போகும். அதனால்தான் ஊறல். 4 லிட்டர் கேன்களில் தண்ணீரை உறையவைத்து, வெளிப்புறத்தைக் கழுவித் தொட்டிக்கு நாலைந்தாக அமிழ்த்தி 12 டிகிரிக்குக் கொண்டுவந்து, துணி போட்டு மூடி, இரண்டு நாள் விட வேண்டும். காலையும் மாலையும் அடிவரை கிளற வேண்டும். மாதிரிச் சாறு 20 டிகிரிக்கு வந்த பிறகே மிதவைமானியால் (பிரிக்ஸ் காட்டும் மிதக்கும் கருவி) அளக்க வேண்டும், குளிர்ந்த சாறு கூடுதலாகக் காட்டும்.

ஒரு தொகுதி போன விதம்: நசுக்கியபோது 24.6 பிரிக்ஸ், மறுநாள் 26, அதற்கடுத்த நாள் 27. இதை அப்படியே நொதிக்க விட்டால் 16% ஆல்கஹாலை நெருங்கும். ஈஸ்ட் முடிக்காமல் மூச்சுமுட்டி நிற்கும். நொதித்தலுக்கு உதவியாகத் தண்ணீர் சேர்க்க அமெரிக்க விதி இடம் தருகிறது, 22 பிரிக்ஸுக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதுதான் எல்லை. 27 பிரிக்ஸ் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 301 கிராம் சர்க்கரை, 25 பிரிக்ஸில் சுமார் 276 கிராம். 600 லிட்டரை 25க்கு இறக்க 53 லிட்டர் தண்ணீர். குளோரின் இல்லாத தண்ணீராக இருக்க வேண்டும். லிட்டருக்கு 6 கிராம் டார்டாரிக் அமிலம் கலந்து ஊற்றினால் புளிப்பு நீர்த்துப்போகாது. மொத்தம் 320 கிராம். இதைவிட நல்லது, முதலில் 50 லிட்டர் சாற்றை வடித்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் சேர்ப்பது. தோலுக்கும் சாற்றுக்கும் உள்ள விகிதம் கெடாது. வடித்த சாறு ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் ஆகும்.

ஈஸ்ட்டை அன்றைய 27ஐப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 16% வரை தாங்கும் டி-254 நல்ல தேர்வு. இசி-1118 எதையும் முடித்துவிடும், ஆனால் சுவை மொட்டையாக இருக்கும். 600 லிட்டருக்கு 180 கிராம், பத்து மடங்கு 40 டிகிரி தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாறு சேர்த்துக் குளிரவைக்க வேண்டும். தொட்டிக்கும் ஈஸ்ட் கலவைக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பாதி ஈஸ்ட் விழும்போதே செத்துவிடும். பழங்கொடிச் சாற்றில் நைட்ரஜன் குறைவாக இருப்பது சகஜம். ஆய்வகத்தில் அளந்தே ஆக வேண்டும். லிட்டருக்கு 80 மில்லிகிராம் குறைந்தால் 600 லிட்டருக்குச் சுமார் 230 கிராம் டையம்மோனியம் பாஸ்ஃபேட். அதில் பாதியை நொதி கிளம்பியதும், மீதியை மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை கரைந்ததும் போட வேண்டும்.

நாளைக்கு மூன்று முறை, மேலே மிதந்து திரளும் தோல் அடையை அமுக்கிவிட வேண்டும். வெப்பமானியை அடைக்கு நேர் கீழே குத்திப் பார்க்க வேண்டும். சாறு 26 டிகிரி காட்டும்போது அங்கே 32 டிகிரி இருக்கும். அதற்கு மேல் ஏறினால் உறைந்த கேன்கள் மீண்டும் உள்ளே. சின்னத் தொட்டிக்கு எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு: செப்டம்பர் இரவுக் குளிரில், நொதி தணியும் கடைசிக் கட்டத்தில், சூடு மளமளவென்று இறங்கும். அப்போது தொட்டியைக் கம்பளியால் சுற்ற வேண்டும்.

பிழியும் நாளில் இன்னொரு பொய். தொட்டியில் 0 பிரிக்ஸ் காட்டியது, பிழிந்து கலக்கி அளந்தால் 1க்கு மேல் ஏறியிருக்கும். கெட்டியான சுருக்குப் பழங்கள் உள்ளே தேக்கிவைத்த சர்க்கரையை அழுத்தத்தில் விடுகின்றன. 0 வந்தாயிற்று என்று உடனே சல்ஃபைட் போட்டுப் பீப்பாயில் அடைப்பவர்களுக்கு இனிப்பும் வாடையும்தான் மிச்சம். பிழிந்த ஒயினை 22 டிகிரியில் வைத்து மைனஸ் 1.5 வரை இறங்க விட வேண்டும். இரண்டு நாள் அசையாமல் நின்றால் அடிவண்டலைக் கலக்கி, ஈஸ்ட் கூடு 150 கிராம் போட்டுப் பார்க்கலாம். இந்தக் கட்டத்தில் பாஸ்ஃபேட் போடக் கூடாது, கெடுக்கும் நுண்ணுயிர்தான் அதைத் தின்னும்.

பழத்தில் இருக்கும் மாலிக் அமிலத்தை மாற்றும் பாக்டீரியாவுக்கு 15%க்கு மேற்பட்ட ஆல்கஹால் ஆகாது. அதனால் ஈஸ்ட் போட்ட மறுநாளே, ஆல்கஹால் ஏறுவதற்குள், அதையும் போட்டுவிடுவது நல்லது. முடிந்ததா என்பதற்குக் காகித வண்ணப்பிரிகைச் சோதனை போதும். காகிதம் முழுக்கக் காய்ந்த பிறகே மாலிக் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். ஈரத்தில் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பீப்பாய் பழையதே போதும். புது ஓக் இந்தப் பழத்தின் வாசத்தை மூடிவிடும். 225 லிட்டர் பீப்பாய் இரண்டு நிரம்பும். வண்டல் கழித்து மீதி நூறு லிட்டர் சொச்சத்தைக் கண்ணாடிக் குடுவைகளில், கழுத்துவரை நிரப்பி, வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பீப்பாயில் குறைந்ததை ஈடுகட்ட அதுதான் உதவும். பிஎச் 3.6 என்றால் கட்டற்ற சல்ஃபர் டையாக்சைடு 30 பிபிஎம், 3.8 என்றால் 50. புட்டியில் அடைக்கும் முன் மிச்சச் சர்க்கரையை நொதிமச் சோதனையில் அளக்க வேண்டும், மிதவைமானியை நம்பக் கூடாது. லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் இருந்தால் 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாகத்தான் புட்டிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் அடுத்த கோடையில் தக்கை தானாக எழும்பும்.